ஹெலி இறங்கும் நிலத்தை மாரிக்கு முன் அளந்து வையுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களுக்கும், பிரதேச செயலாளர்களுக்கும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளத்தில் அகப்பட்ட நோயாளியைத் தூக்கிவர எங்கள் பக்கம் வருவது விமானப்படை ஹெலிகொப்டர்தான். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் வீதி இருக்கும் மட்டும்தான் வரும். கிரான் வீதியைத் தண்ணீர் மூடினால் புலிபாய்ந்தகல் பக்கம் துண்டாகிவிடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பல ஊர்களுக்கும் அதே கதிதான். ஹெலி கேட்டால் வருகிறது. வந்தபின் இறங்க இடம் தேடுவதில்தான் நேரம் போகிறது. நாங்கள் கேட்பது தயாரான நிலம்.

“பாடசாலை மைதானம் இருக்கிறதே” என்பீர்கள். மாரியில் அந்தப் பாடசாலைதான் இடைத்தங்கல் முகாம். தகரம், தறப்பாள், பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஹெலியின் விசிறிக் காற்று ஒரு தகரத்தைக் கிளப்பி விசிறியிலேயே மோதவிட்டால் உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் தப்புவது அரிது. பெல் 212 வகை ஹெலியின் விசிறி 14.6 மீற்றர் அகலம். அதற்குக் குறைந்தது 30க்கு 30 மீற்றர் வெட்டவெளி வேண்டும். அதைவிடப் பெரிய எம்.ஐ.-17 வகை ஹெலியின் விசிறி 21 மீற்றர். அதற்கு 45 மீற்றராவது வேண்டும். நிலம் உறுதியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். கரையோர மணல் என்றால் தண்ணீர்ப் பவுசரால் நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் கிளம்பி, கடைசி நேரத்தில் விமானிக்கு நிலமே தெரியாது. அடையாளத்துக்குச் சுண்ணாம்பைத் தூளாகத் தூவினால் பறந்துவிடும், கரைத்து ஊற்றுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது மின்கம்பி. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். வயலுக்குக் குறுக்கே போகும் இணைப்பையும், கோயில் திருவிழாவுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட வயரையும் கிராம உத்தியோகத்தர்தான் அறிவார். அதை வரைபடத்தில் குறித்து வைக்கட்டும்.

இடத்தின் ஆள்கூற்றைத் தசமத்தில் மட்டும் எழுதுங்கள். 7 பாகை 45 கலை என்பது 7.75. அதை அவசரத்தில் 7.45 என்று வாசித்தால் ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தெற்கே போய்விடும்: ஏறாவூர்ப் பக்கம் காத்திருக்கும் நோயாளியைக் கல்முனைப் பக்கம் தேடுவார்கள்.

இடத்துக்கு நான்கு பேரைப் பழக்குங்கள். ஒருவர் காற்றுக்கு முதுகு காட்டி, இரு கையையும் விரித்து நிற்க வேண்டும். ஹெலி அவருக்கு முன்னால், காற்றை எதிர்த்து இறங்கும். மற்ற மூவரும் சனத்தையும் நாய், மாட்டையும் 50 மீற்றருக்கு அப்பால் நிறுத்த வேண்டும். ஹெலிக்குக் கிட்டப் போவோர், விமானி கைகாட்டிய பிறகே, அவர் கண்ணில் படும்படி முன்பக்கத்தால் குனிந்து போக வேண்டும். வால்பக்கம் ஒருபோதும் வேண்டாம்; வால்விசிறி சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது. குளக்கட்டில் நிற்போரைக் கயிறு விட்டுத் தூக்கும்போது கொக்கி முதலில் நிலத்திலோ தண்ணீரிலோ படட்டும், முந்திப் பிடித்தால் மின் அடிக்கும். அந்தக் கயிற்றைத் தோணியிலோ மரத்திலோ கட்டவே கூடாது.

சுகாதாரப் பணிப்பாளர்களிடம் தனியாக ஒன்று. கண்டி, கொழும்பு பெரியாஸ்பத்திரிகளுக்குப் போகும் ஹெலி மலைநாட்டைத் தாண்ட மேலே ஏறும். 6000 அடியில் அடைபட்ட காற்று ஏறத்தாழ கால் பங்கு விரியும். நெஞ்சறைக்குள் காற்று இருந்தால் குழாய் போட்ட பிறகே ஏற்றுங்கள்; சுவாசக் குழாயின் பலூன் அழுத்தத்தையும் மேலே போனதும் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்சிசனைக் கணக்குப் பார்த்து அனுப்புங்கள்: 680 லீற்றர் சிலிண்டர், நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் 45 நிமிடத்தில் தீரும். தரையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, தேவையைப் போல் இரட்டிப்பாகக் கொடுங்கள். நாளத்தில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் இரண்டு, இறுக ஒட்டியபடி, ஏற்றுமுன்னரே போட்டிருக்க வேண்டும். அந்த இரைச்சலிலும் அதிர்விலும் நாளம் தேட முடியாது. ஸ்டெதஸ்கோப்பும் அங்கே பயன்படாது. நோயாளியின் நிறையைக் கிலோவில் முன்கூட்டியே சொல்லுங்கள். தளர்வான போர்வையும் தலையணையும் கூட வரக்கூடாது.

ஐப்பசிக்கு முன், பிரதேச செயலகத்துக்கு இரண்டு இடமாவது, ஒன்று மேட்டு நிலமாக, அளந்து முடியுங்கள். கிரான், வாகரை, வெல்லாவெளியில் தொடங்குங்கள். பட்டியலின் ஒரு பிரதி விமானப்படை முகாமுக்கும், ஒன்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் பேசுபவரின் மேசைக்கும், ஒன்று வைத்தியசாலை அவசரப் பிரிவுச் சுவருக்கும் போகட்டும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சையிலும் கள மீட்பிலும் பணிபுரிவோர்,
மட்டக்களப்பு