பொய்யைப் பணி நிபந்தனை ஆக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பாளர்கள் தங்கள் அடையாளத்தை மறைக்காமல் ராணுவத்தில் பணியாற்றலாமா என்று தங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எதிர்த்து எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: படைப்பிரிவின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரை நம்பாத வீரரால் போரிட முடியாது என்பது உண்மையே. ஆனால் அந்த நம்பிக்கையைக் குலைப்பது எது என்பதில்தான் அவர்களோடு முரண்படுகிறேன்.

அமெரிக்காவில் 1993இல் சட்டமான ‘கேட்காதே, சொல்லாதே’ கொள்கையின்படி, மேலதிகாரி விசாரிக்கக் கூடாது, வீரர் வெளிப்படுத்தக் கூடாது, வெளிப்பட்டால் பணி போய்விடும். அது நடைமுறையில் இருந்த காலத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் போர் நடந்து, அரபு தெரிந்தவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளிலேயே, அரபு மொழி வல்லுநர்கள் பலரும் இதே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளியேறாமல் தங்கியவர்களின் நிலையோ இன்னும் வேதனையானது. விடுப்பில் யாரைப் பார்த்துவிட்டு வந்தாய் என்று தோழர் இயல்பாகக் கேட்கும் கேள்விக்கும் கதை புனைய வேண்டும். போரில் தனக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கவும் அஞ்ச வேண்டும். சக குடிமக்களைக் காக்க வந்த இளைஞர்களை, தாங்கள் யார் என்பதிலேயே பொய் சொல்லும்படி கட்டாயப்படுத்தும் கொள்கை தன்னை உறுத்துவதாக, அந்நாட்டு முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த அட்மிரல் மைக் மல்லன் 2010 பிப்ரவரியில் செனட் குழுவின் முன் சொன்னார். சீருடை அணிந்த ஒருவர் சொன்னதாலேயே அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தன்பாலீர்ப்பாளர்களை எதிரிகள் மிரட்டிப் பணியவைப்பார்கள் என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மிரட்டுபவனின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ரகசியம். அந்த ரகசியத்தை உண்டாக்கியதே தடைதான்.

கட்டுக்கோப்பு பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2010இல் வெளியிட்ட ஆய்வில், தன்பாலீர்ப்பாளர் என்று தாங்கள் கருதிய ஒருவரோடு பணியாற்றியிருந்த வீரர்களில் 92 சதவீதத்தினர், தங்கள் பிரிவு இணைந்து செயல்பட்ட விதத்தில் குறை சொல்லவில்லை. நேரடிப் போர்ப் பிரிவுகளில் தயக்கம் கூடுதலாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2011 செப்டம்பர் 20 அன்று தடை நீங்கியபோது, எச்சரித்தவர்கள் சொன்னதுபோல் வீரர்கள் கூட்டங்கூட்டமாக விலகிவிடவில்லை.

பிரிட்டனிலும் இத்தகைய தடை இருந்த காலத்தில், ராணுவக் காவலர்கள் வீரர்களின் பெட்டிகளையும் கடிதங்களையும் துழாவி, அந்தரங்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் விசாரித்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் கண்டித்த பிறகு, 2000 ஜனவரியில் தடை விலக்கப்பட்டது. யாராக இருந்தாலும் நடத்தை பணியைப் பாதித்தால் நடவடிக்கை உண்டு என்ற பொது விதி அதன் இடத்துக்கு வந்தது. அத்துமீறல் பற்றிக் கவலைப்படும் வாசகர்களுக்கு அந்த விதியே போதுமானது என்று உறுதியாக நம்புகிறேன். பறிக்கப்பட்ட பதக்கங்களைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்று அந்நாடு 2021இல் அறிவித்தது. 2023இல் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எத்தனையோ பேருக்கு வயது கடந்துவிட்டது, சிலர் உயிரோடும் இல்லை.

இந்த விவாதத்தில் இதுவரை வெளியே நின்று பேசுபவர்களே எழுதியிருக்கிறோம், என்னையும் சேர்த்து. மறைத்துக்கொண்டு பணியாற்றியவர்கள், அவர்களோடு ஒரே முகாமில் இருந்தவர்கள் ஆகியோரின் கடிதங்களுக்கும் வரும் இதழ்களில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்