பேரிடர் முடிந்ததும் பாவக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு

மதிப்புக்குரிய சொற்பொழிவாளர்களே, போதகர்களே,

வணக்கம். வெள்ளத்தின்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். ஒரு அம்மா தன் மகளின் நனைந்த மார்க் ஷீட்டை பெஞ்சில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உணவு கொடுக்க வந்த உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "செய்த வினை சும்மா விடுமா?" என்றார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் நிலநடுக்கம். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தீண்டாமையை எதிர்த்த தாகூருக்கே அது பொறுக்கவில்லை; இயற்கைச் சீற்றத்துக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கிறது என்று மறுத்தார். அந்த மறுப்பைக் காந்தி தன் ஹரிஜன் இதழிலேயே போட்டார், தன் கருத்தை மட்டும் விடவில்லை. காந்தி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை?

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனிலும் ஒரு நிலநடுக்கம்: 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் சகல புனிதர்கள் திருநாள். காலைப் பூசைக்குக் கூடியவர்கள் மேலேயே தேவாலயங்கள் இடிந்தன. ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளால் தீயும் பிடித்தது, கடலும் ஏறி வந்தது. மலக்ரிடா என்ற பாதிரியார், மக்களின் பாவம்தான் காரணம் என்று சிறுநூலே போட்டார். அமைச்சர் பொம்பால் என்பவரோ ஊர் ஊராக இருந்த தேவாலயப் பங்குகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, வடிந்ததா? எத்தனை பேர் இறந்தார்கள்? பதில் எழுதியவர்களும் பாதிரியார்கள்தான்.

நம் வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியவர். இருந்தும், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபித்தார். பிச்சைக்காரனிடம் போய் முன்வினை பேசவில்லை.

சரி, அடுத்த முறை முகாமுக்கு வாருங்கள், மைக்கையும் கொண்டுவாருங்கள். ஏரியை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், முன்னதாகத் தண்டோரா போட்டார்களா என்று அதில் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவன்