ஈயின் நினைவுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்

மேல்நிலை விலங்கியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். நரம்பு மண்டலம் 11ஆம் வகுப்பில் இருக்கிறது, நோய்த்தடைக்காப்பியல் 12இல். பாடத்தை எங்காவது வெட்டித்தானே ஆக வேண்டும், சரி. அடுத்த திருத்தத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பழ ஈயைப் பறக்கவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அதே டிரோசோபிலாதான். பூச்சிகளுக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள்கள் கிடையாது. கிருமி புகுந்தால் உடலின் கொழுப்புத் திசு குட்டிப் புரதங்களைச் சுரந்து அதைக் கொல்லும். அந்தச் சுரப்பை முடுக்கிவிடும் வழிகளில் ஒன்றான டோல் பற்றிய ஆய்வுக்காகத்தான் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ வேறு ஆணை அண்டவிடாது. துரத்திப் பார்த்துத் தோற்ற ஆண், பிறகும் பெண்கள் பின்னால் சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். பட்டதை மறக்கவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஸ்டவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கௌசிக் சியின் குழு இப்படிப் பழக்கிய ஈக்களை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. கிருமித் தொற்றே இல்லாமல், ஈயின் தலையில் கிருமிக்கொல்லிப் புரதங்கள் சில கூடியிருந்தன. அவற்றில் டிப்டெரிசின் பி என்பதைக் குறைத்தால் நெடுநாள் நினைவு சரியாகப் பதியவில்லை. அந்தப் புரதம் வருவது நரம்புச் செல்லிலிருந்துகூட அல்ல, தலைக்குள் இருக்கும் கொழுப்புத் திசுவிலிருந்து! ஜிஎன்பிபி-லைக்3 என்ற இன்னொன்று மட்டும் நரம்புச் செல்லிலேயே வேலை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு 'நோய் எதிர்ப்பு கூடினால் ஞாபகசக்தி கூடும்' என்று எழுதிவிடாதீர்கள். 2003இல் வெளியான தேனீ ஆய்வு வேறு பக்கம் இழுக்கிறது. உயிருள்ள கிருமியைச் செலுத்தாமல், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை மட்டும் ஊசியில் ஏற்றினார்கள். அந்தத் தேனீக்கள் 'இந்த வாசனை வந்தால் சர்க்கரைப்பாகு' என்பதைக் கற்பதில் பின்தங்கின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பிள்ளைகள் சண்டை போடட்டும்.

இன்னொன்று. 12ஆம் வகுப்பில் வரும் 'நினைவு செல்'லோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். அது பழைய கிருமியை அடையாளம் காணும் செல், இது மூளையில் பதியும் அனுபவம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நோய்த்தடைக்காப்பியல் பாடத்தின் கடைசியில் அரைப் பக்கப் பெட்டிச்செய்தி போதும். தயவுசெய்து ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்