குடை பிடித்த பாட்டிக்கும் மற்றவர்களுக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது என்பது நான் வீடு வந்து சேருவதற்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஊரைச் சுற்றிவிட்டது. படமும் வந்திருக்கிறது: மழை, சுண்ணாம்புமலை, அந்தரத்தில் ஒரு மூட்டை. மூட்டை நான்தான்: மலை ஏறி இறங்கும்போது கயிறு போதாமல் பாதியில் தொங்கிவிட்டேன். அதனால் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. ஏறும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸின் வார் பதிந்த இடம் தொடையில் இன்னும் கன்றிப் போயிருக்கிறது. வலி இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டி.

மேலேயிருந்து பார்த்தபோது பூப்போட்ட சிவப்புக் குடை ஒன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. யாரோ வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சல்தான். குடை வந்து என் தங்கச்சி பக்கத்தில் நின்றது. தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் அறிமுகமான கயிற்றுத் துணை, நான் ஏறும்போது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவள். அவளோ ஓரடிகூட நகர முடியாது. கயிற்றின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். பாட்டி குடையைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை, அவள் தலைக்கும் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளுக்கு மேல் பிடித்தார்.

"கை நனைஞ்சா வழுக்கும்டி. முப்பது வருசம் ரப்பர் பால் வெட்டுனவளுக்குத் தெரியாதா?"

அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறார். முதுகு முழுக்க நனைந்து, சேலை காலில் ஒட்டிக்கொண்டு. ஒரு கை ஓய்ந்தால் மறு கை. எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினார். பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழிந்துவிடும், பால் சேரும் மங்கில் மழைத் தண்ணீர்தான் மிஞ்சும். அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1960-இல் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், தொழிலாளிகளே தோட்டம் வாங்கட்டும் என்று அமைச்சர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதற்கு மாதம் 10 வெள்ளி (அன்றைய டாலர்) கட்டப் பாட்டியின் அப்பா சுருட்டை விட்டாராம். நடுவில் திடீரென்று தலையைத் தூக்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்டார். தொங்கிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். கால் மரத்துப்போகிற பயம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் விலகியது.

அப்புறம் தங்கச்சி. தப்பு என்னுடையது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வழி 28 மீட்டர்தான் என்று ஞாபகத்திலிருந்து சொன்னேன். உண்மையில் 32. ஏறவும் இறக்கவும் 64 மீட்டர் வேண்டும். எங்கள் கயிறு 60. நான் மேலே போனபின் இடி உறும ஆரம்பித்தது, அவசரமாக இறக்கச் சொன்னேன். கயிற்றின் முனையில் அவள் ஒரு முடிச்சுப் போட்டிருக்காவிட்டால் முனை அவள் கையை உருவிக்கொண்டு ஓடியிருக்கும். நான் சொல்லி அவள் போடவில்லை. பழகிய துணையோடு போயிருந்தால் 'நமக்குத் தெரியாத மலையா' என்று இருவருமே விட்டிருப்போம். புது ஆள் என்பதால்தான் அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள்: என் எட்டு வடிவ முடிச்சு, ஹார்னஸ் பக்கிள், கயிற்றைக் கோக்கும் காராபினர் வளையத்தின் பூட்டு. காலையில் எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது என்பதும் உண்மை. இறங்கிய பிறகு இன்றுவரை அந்த 28 மீட்டரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாரியம்மன் கோயில் மூங்கில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடிவந்த தம்பிகள், செம்பனைப் பழக்குலை லாரியை நிறுத்திவிட்டு ஏணிக்காலைப் பிடித்துக்கொண்ட பாக்சிக் (மலாயில் மாமா), சூடாக மைலோ கொடுத்த கடைக்காரர், கிளினிக்கில் திட்டிக்கொண்டே மருந்து தடவிய மிஸ்ஸி (தாதி), கூட்டத்தை ஒதுக்கிய பெரியவர் எல்லாருக்கும் என் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள். அப்போது எனக்கு முகங்களைவிட ஏணிப்படிகள்தான் தெரிந்தன.

70 மீட்டர் கயிறு வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். அது வரும்வரை அந்த வழியில் கால் வைக்க மாட்டேன். அது வந்தாலும் முனையில் முடிச்சு உண்டு. ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. மேகம் கறுத்தால் பாதி வழியானாலும் இறக்கம்தான்.

பாட்டி, உங்கள் குடை எங்கள் காரிலேயே வந்துவிட்டது. ஒரு கம்பி ஒடிந்திருந்தது, மாற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தங்கச்சியும் கொண்டுவருகிறோம். பசியாறாமல்தான் வருவோம்.