துண்டை இறக்கியது மரியாதைக்கு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ரயில் நிலையங்களைப் பற்றி வந்த கட்டுரையை உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தேன். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் சத்தம், பிளாட்பாரத்து மண்பானைத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டே போனார், எனக்குக் கண் கலங்கிவிட்டது, நான் அந்த மாதிரிப் பிளாட்பாரத்தில் வளர்ந்தவன். ஆனால் முடிகிற இடத்தில் ஒரு வரி. பெரிய மனிதர்களைக் கண்டால் தலைப்பாகையை அவிழ்த்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற அந்தப் பண்பு இன்று எங்கே போயிற்று என்று கேட்கிறார். மூன்று நாளாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அது பண்பா, ஐயா?

எங்கள் ஊர் சீர்காழிப் பக்கம், பழைய மீட்டர் கேஜ் மெயின் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். என் தாத்தா பண்ணையில் கூலி வேலை செய்தவர். மாயவரம் போகிற நாளில் வெளுத்த துண்டை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். பெரிய தெருவைத் தாண்டும் வரை செருப்பும் கையில்தான். லெவல் கிராசிங் கேட்டைத் தாண்டியதும் துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போடுவார். பெட்டியில் ஏறிவிட்டால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அது இறங்காது. சாயங்காலம் திரும்பி வரும்போது அதே கேட்டில் மறுபடி கக்கத்துக்குப் போய்விடும். ஒரு நாள் "ஏன் தாத்தா எடுத்துட்டீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

அப்பா அதே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் ஆனார், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. நிற்காத வண்டி வரும்போது ஒரு கையில் டிரைவருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டோக்கன் வளையம், இன்னொரு கையில் பச்சைக் கொடி, தலையில் முண்டாசு. ஒரு தடவை ஊர் மிராசுதார் பிளாட்பாரத்தில் நின்று "தலையில என்னடா?" என்று அதட்டியிருக்கிறார். வண்டி வந்துகொண்டிருந்தது, அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது, முண்டாசு அப்படியே இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து "டூட்டியில இருக்கிற ஆளுங்க, விடுங்க" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாராம். அந்த மாஸ்டருக்கு அப்பா கடைசி வரை சல்யூட் வைத்தார், முண்டாசோடுதான் வைத்தார். மரியாதை என்றால் எங்கள் வீட்டில் அதுதான். உங்கள் கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

ரயில்வேயில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததும், பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் விடாமல் போராடி 1941-ல் அது ஒழிந்ததும் உங்களுக்குத் தெரியாததா? பக்கம் பக்கமாகப் பழைய ஸ்டேஷனைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

இரண்டு வருடம் முன்பு பண்ணை வீடுகளைப் பற்றி இதே போல ஒரு கட்டுரை போட்டீர்கள். தூண், முற்றம், ஊஞ்சல் எல்லாம் இருந்தது, கொல்லைப் பக்கம் நின்று கஞ்சி வாங்கினவர்கள் இல்லை. அப்போதும் எழுதினேன், வெளிவரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையிலேயே சென்னையின் மிகப் பழைய ஸ்டேஷன் எழும்பூர் என்று இருக்கிறது. எழும்பூர் திறந்தது 1908, ராயபுரம் 1856. சென்ட்ரல்கூட எழும்பூருக்கு முந்தியது. அப்புறம், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போன பாதையை 1980களில் மூடினார்களே, அதற்காக ஒரு வரியாவது கலங்கியிருக்கலாம். எங்கள் பக்கத்து ஜனங்கள் மீன் கூடையோடும் நெல் மூட்டையோடும் போன வண்டி அது.

எங்கள் ஸ்டேஷன் 2010-ல் அகலப் பாதையோடு புதிதாக வந்தது. ஓட்டுக் கட்டடம் போனதில் எனக்கும் வருத்தம்தான், வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சைத் தேடி இன்றும் கண் போகிறது. ஆனால் அந்த லெவல் கிராசிங்கில் இப்போது பையன்கள் தலையில் தொப்பியோடு பைக்கில் போகிறார்கள், யாருக்காகவும் யாரும் இறங்கி உருட்டுவதில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் துண்டைப் பற்றிய வரிக்கு இரண்டு வரி வருத்தமும், ராயபுரத்துக்கு ஒரு வரித் திருத்தமும் போடுங்கள். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடம் இல்லாவிட்டால் தாத்தாவைப் பற்றிய பத்தியை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகன்,
சீர்காழி வட்டம்