மோல்மேனிலிருந்து மாப்பிள்ளைக்கு

மோல்மேன், பர்மா,
ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தேன். பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். முழங்கால் போன மழைக்கு இப்போது தேவலை. ரோடு வேலையைப் பெரியவனே பார்த்துக்கொள்கிறான். நான் போய் நின்று குறை சொல்வதோடு சரி.

ஹைவேஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நீ, தாரைப் பற்றி என்னிடம் கேட்கிறாய்! "அங்கேதான் ரப்பர் தோட்டம் மண்டிக் கிடக்கிறதே, பாலைத் தாரில் கலந்து பார்க்கக் கூடாதா?" என்று எழுதியிருந்தாய். பார்த்தாயிற்று. அந்தக் கூத்தைக் கேள்.

முடோன் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு டின் பால் கொடுத்தார். விறகடுப்பில் தார் டிரம் புகைந்துகொண்டிருந்தது. நான்தான், வேறு யாருமில்லை, ஒரு டின்னை அப்படியே சாய்த்தேன். கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கரண்டி விழுந்தால் என்ன ஆகும்? தார் நுரைத்துப் பொங்கி, விளிம்பைத் தாண்டி, நேரே நெருப்பில் விழுந்தது. ஜ்வாலை தென்னங்கீற்றைத் தொட்டுவிட்டது. ஒரு பையனுக்குக் கைலி நுனி கருகியதோடு போயிற்று, முருகன் புண்ணியம்.

ராத்திரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டிரம்மில் 150 கிலோ தார் என்று வை. நூற்றுக்கு 3 என்றால் நாலரைக் கிலோ ரப்பர் வேண்டும். மரத்திலிருந்து இறக்கிய பாலில் ரப்பர் நூற்றுக்கு முப்பதுதான் தேறும். ஆக 15 கிலோ பால், அதில் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டராக விரியும். டிரம் பொங்காமல் என்ன செய்யும்? முறையாகச் செய்கிறவர்கள் 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்கின பாலை, கலக்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். நம் டிரம்முக்கும் விறகடுப்புக்கும் அது ஆகாது.

ஆனால் அடி வாங்கியதில் ஒன்று புரிந்தது. ரப்பர் முக்கியமாக வெயிலுக்குத்தான் மருந்து. ரோட்டுக்குப் போடுகிற 60/70 தரத் தார் ஐம்பது டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும்; சித்திரை வெயிலில் ரோட்டு மேல்பரப்பு அறுபதைத் தொடும்; லாரி ஏறினால் பள்ளம் விழும். ரப்பர் அதைத் தாங்கும். எங்கள் ரோடு வெயிலில் சாகவில்லையே மாப்பிள்ளை! இங்கே ஆண்டுக்கு 4,500 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, உங்கள் மதுரையைப்போல ஐந்து மடங்கு. போன வாரம் ஒரு குழியில் கைவிட்டு ஜல்லியை எடுத்தேன். பொட்டுத் தார் இல்லை, கழுவிவைத்த நெல்லிக்காய் மாதிரி இருந்தது. கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் ஆசை. சந்து கிடைத்தால் தாரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை ஒட்டிக்கொள்ளும்.

அந்த வகையில் உங்கள் தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் கண்ட வழி எனக்குப் பிடிக்கிறது. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்காமல், 160, 170 டிகிரியில் சுட்ட ஜல்லிமேல் தூவிவிடுகிறார். அது உருகிக் கல்லுக்குச் சட்டை போட்டதுபோல் ஆகிவிடுகிறது, அதன்மேல் தார். ஆனால் பி.வி.சி. ஒரு துண்டுகூடச் சேரக்கூடாது, சுட்டால் விஷப்புகை. இங்கே சாக்கடையை அடைக்கிற பைகளை யார் அலசி, காயவைத்து, தரம் பிரிப்பது? என் மருமகள் இப்போதே என்னை ஒருமாதிரி பார்க்கிறாள்.

கடைசியில் கைக்கு வந்தது வெற்றிலைச் சுண்ணாம்பு! தார் கல்லைவிட்டுப் போகாமல் பிடித்துவைக்க ரோட்டுக்குப் போடுவதும், வெற்றிலைக்குத் தடவுவதும் நீர்த்த சுண்ணாம்புதானே. நூறு கிலோ ஜல்லிக்கு ஒன்றரைக் கிலோ, ஈரப்பதமான கல்லில் தூவிப் புரட்டி, பிறகு காயவைத்துத் தார் பூசினேன். சுண்ணாம்பு போட்டதில் ஒரு பிடி, போடாததில் ஒரு பிடி, டீக்கடை அடுப்பில் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். போடாததில் பாதிக் கல் வெளுத்துவிட்டது. போட்டது கறுப்பு மாறாமல் இருந்தது. கடைக்காரர் பாத்திரத்தைப் பார்த்து பர்மியத்தில் என்னைத் திட்டியதை எழுதமாட்டேன். புதுச்சட்டி வாங்கிக் கொடுத்தேன்.

கோயில் சந்து ஞாபகம் இருக்கிறதா? 1965இல் நீ கப்பலேறும் முன்னால் கோலி விளையாடினோமே, அங்கேதான் மே முதல் வாரம் இருபது அடி சுண்ணாம்போடும், இருபது அடி இல்லாமலும் போட்டிருக்கிறேன். இன்றைக்குவரை இரண்டும் ஒரேமாதிரிதான் கிடக்கின்றன. மகன் சிரிக்கிறான். மழை நிற்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பக்கம் சுண்ணாம்பைக் கல்லில் போட்டார்களா, தாரிலா? பழைய நோட்டுப்புத்தகம் வைத்திருப்பாயே, பார்த்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய
கோலிக் கூட்டாளி