கண்ணை மூடியிருப்பவர்களைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு

வெள்ளியங்கிரிக்கும் ஆழியாருக்கும் பழனிக்கும் கேமராவோடு வந்துபோகும் ஆவணப்பட இயக்குநர்களுக்கு,

வணக்கமுங்க.

பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்புக் குழுக்களுக்கு வண்டி, தங்குமிடம், சாப்பாடு, அனுமதிக் கடிதம் எல்லாம் ஏற்பாடு செய்து தருவது என் பிழைப்பு. சினிமாக்காரர்கள் எங்களுக்குப் புதிதில்லை. தோப்பும் வாய்க்காலும் வேண்டுமென்றால் நேராக இங்கேதான் வருவார்கள். அவர்களோடு எனக்கு வம்பில்லை. அவர்கள் எடுப்பது கதை என்று டிக்கெட் வாங்குகிறவனுக்குத் தெரியும். நீங்கள் எடுப்பதை நிஜம் என்று நம்பிப் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

யோகம், தவம், யாத்திரை என்று எதை எடுத்தாலும் உங்கள் படம் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. விடியற்காலை, மலைமேல் மேகம், மெல்ல எழும்பும் ட்ரோன், புல்லாங்குழல். பிறகு கண் மூடிய ஒரு முகம், பெரும்பாலும் வெளிநாட்டு முகம். அடுத்து '5000 ஆண்டுப் பழமை' என்று ஒரு கனத்த குரல். ஏன் இப்படி ஆகிறது என்பது புரியாமலில்லை. மூச்சு அடங்குவதையும் மனம் ஒரு நொடி நிற்பதையும் லென்ஸ் காட்டாது. அந்தக் காலி இடத்தை மேகத்தையும் குழலையும் வைத்து நிரப்புகிறீர்கள். உள்ளே நடப்பது படத்தில் வராதுதான். வெளியே நடப்பது கொட்டிக் கிடக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்பு யோகத்தைச் சொல்கிறது. அதில் இயமம் முதலில், நியமம் அடுத்து, ஆசனம் மூன்றாவது. கொல்லாமை, பொய் சொல்லாமை, களவு செய்யாமை எல்லாம் ஆசனத்துக்கு முன்னால் வருகிறவை. நீங்கள் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறீர்கள். ஒரு மனுசன் பொய் சொல்லாமல் வியாபாரம் செய்யப் பாடுபடுவதை எடுக்க ட்ரோன் வேண்டியதில்லை. அவன் கடையில் நாலு நாள் உட்கார்ந்திருந்தால் போதும்.

வேதாத்திரி மகரிஷி வகுத்த உடற்பயிற்சியும் தவம் என்கிற தியானமும் சொல்லித் தருகிற எங்கள் ஊர் மனவளக்கலை மன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் அறிவுத்திருக்கோயில் 1984இல் வந்தது. பல்லடம், சோமனூர், உடுமலை என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்களிலெல்லாம் இன்று மன்றம் இருக்கிறது. வருகிறவர்கள் யார்? விசைத்தறி ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற வாத்தியார், மளிகைக் கடைக்காரர், சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மாக்கள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று வரிசையாக நடக்கும். முழங்கால் மடங்காதவர்களுக்குச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி. சொல்லித் தருகிறவர் நடந்துகொண்டே, "தோளை எறக்குங்க, மூஞ்சிய இறுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். தவத்தில் ஒருத்தர் குறட்டை விடுவார். முடிந்ததும் 'வாழ்க வளமுடன்' சொல்லிவிட்டு, வெளியே வந்து தேங்காய் விலையைப் பேசுவோம்.

அகத்தாய்வுப் பயிற்சியில் சினம் தவிர்த்தல் என்று ஒரு பாடம். யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிற பெரியவர்களைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேரே அதில் இருக்கும். ஆகஸ்டு 30ஆம் தேதி மனைவி நல வேட்பு நாள் கொண்டாடுவார்கள். வருசம் முழுக்க வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேசாத விவசாயி, மேடையில் சம்சாரத்துக்குப் பூக் கொடுக்கிறபோது கை நடுங்கும். அந்த அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்ப்பார். இதையெல்லாம் இதுவரை ஒரு கேமராவும் எடுத்து நான் பார்க்கவில்லை.

எடுக்க வந்த ஒரு குழு என்ன செய்தது தெரியுமா? பேர் வேண்டாம். ஃபிரேமில் பிளாஸ்டிக் தெரிகிறது என்று நாற்காலிகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். மூட்டுத் தேய்ந்த அம்மாக்களைச் சம்மணமிட்டு உட்காரவைத்து நாலு டேக். எழுந்திருக்கும்போது தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. அந்த இடம் படத்தில் இல்லை. ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, கண்ணை மூடீட்டு உக்காந்திருக்கறப்ப எடுத்தா, வேண்டாம்னு நாங்க எப்பிடிங்க சொல்றது?"

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் உண்டா? தெருவில் நடக்கிறவரை எடுத்தால் அவர் கேமராவைப் பார்க்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், திட்டலாம். தவத்தில் இருக்கிறவருக்கு அது எதுவும் முடியாது. நிர்வாகி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள், அறையில் இருக்கும் அத்தனை பேருடைய சம்மதம் ஆகிவிடாது. முந்தின நாளே வந்து, கண் திறந்திருக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மாட்டேன் என்கிறவரைப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

பழமை வேண்டுமென்றால் நிஜமான பழமை ஒன்று இருக்கிறது. 1938இல் மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரையும், அப்போது இளைஞராக இருந்த அவர் மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரையும் எடுத்த படம். ஒலி கிடையாது, மேகமும் கிடையாது. கிருஷ்ணமாச்சாரியாரின் குடும்பத்தாரும் அதில் ஆசனம் செய்கிறார்கள். இன்று உலகம் முழுக்கச் சொல்லித் தரப்படும் ஆசன வரிசைகளில் பல, அந்த மைசூர் வகுப்பறையில் 1930களில் வடிவம் பெற்றவை. '5000 ஆண்டு' குரலுக்கு இது தோதுப்படாது என்பதாலோ என்னவோ, அதைச் சொல்ல உங்களுக்கு மனசு வருவதில்லை.

துதி பாடும் படம் ஒருபக்கம் என்றால், குற்றப்பத்திரிகைப் படம் மறுபக்கம். 2018இல், அமெரிக்காவின் ஓரிகனில் ஓஷோ ரஜனீஷின் சீடர்கள் கட்டிய ரஜனீஷ்புரம் பற்றி ஆறு பகுதித் தொடர் வந்தது. 2019இல் யோக குரு பிக்ரம் சவுத்ரி மேல் எழுந்த பாலியல் புகார்கள் பற்றிய படம். இரண்டாவதில் பாதிக்கப்பட்ட பெண்கள் நேரில் பேசினார்கள். அப்படிப்பட்ட படங்கள் வந்தே ஆக வேண்டும், எங்கள் மலையடிவாரங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தால் அந்த வேலைக்கே வரக் கூடாது. என் குறை வேறு. இரண்டு வகையிலும் குருதான் கதாநாயகன், இல்லாவிட்டால் வில்லன். தினமும் பாயை விரித்துச் சுருட்டுகிற ஆள் இரண்டிலும் கூட்டத்தில் ஒரு தலை.

பணம் பற்றி ஒன்று. நீங்கள் எடுக்கும் இடமே உங்களுக்கு அறையும் சோறும் வண்டியும் தந்திருந்தால் அதைப் படத்தின் தலைப்பிலேயே போடுங்கள். முடிவில் ஓடும் நன்றிப் பட்டியலில் எறும்பு எழுத்தில் வேண்டாம். பில் போடுகிறவன் நான், யார் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவருக்கும் தெரியட்டும்.

'தியானத்தில் உட்கார்ந்தேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்று ஒருவர் சொல்வதை, மருத்துவர் ஒருவரின் வார்த்தையும் சேர்க்காமல் அப்படியே ஓட்டாதீர்கள். இந்த ஊரில் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்த ஆள் இருக்கிறது.

அமைதிதான் ஆன்மிகம் என்று யார் சொன்னது? தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து வருகிற எடப்பாடிக் காவடிக் குழுவினருக்கு, மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை வழிவழியாக உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தை அங்கேயே பிசைகிறார்கள். ஒரே கூச்சல், வியர்வை, ஈ. கொப்புளம் வெடித்த காலோடு ஒருவர் பழம் உரித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் 'உங்கள் ஆன்மிக அனுபவம் என்ன' என்று கேட்காதீர்கள். எத்தனை தார் உரித்தீர்கள் என்று கேளுங்கள், மற்றதைத் தானாகச் சொல்வார். வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியோடு ராத்திரியில் ஏழு மலை ஏறுகிறவர்களை எடுக்கிறீர்கள், உச்சியில் சூரியன் வருவதோடு முடிக்கிறீர்கள். 2024 பருவத்தில் ஏறியவர்களில் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் செத்துப்போனார்கள். டோலி கட்டி உடலை இறக்கி வந்தவர்களும் அதே படிகளில்தான் நடந்தார்கள். அவர்களுக்கும் அந்த மலை சாமிதான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இங்கே எடுத்த படங்களை ஆம்ஸ்டர்டாமிலும் மும்பையிலும் திரையிட்டதாக எனக்குப் படம் அனுப்புகிறீர்கள், சந்தோசம். அதில் முகம் காட்டிய அம்மாக்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. எடிட்டிங் முடிந்து பூட்டுவதற்கு முன்னால் ஒரு பிரதியைக் கொண்டுவாருங்கள். மண்டபம், புரொஜெக்டர், டீச்செலவு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் எல்லோரும் வருவார்கள். அவர்கள் வெட்டச் சொல்கிற இடத்தைக் குறித்துக்கொள்ள நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து உங்களுக்கு வண்டி பிடித்துத் தருகிறவன்